காக்டெய்ல் கிளி வாங்கும் முன் ஒரு எடை மெஷின் வாங்குங்கள்

காக்டெய்ல் (cockatiel) என்பது தலையில் கொண்டை வைத்த சின்ன வெளிநாட்டுக் கிளி. எங்கள் முதல் காக்டெய்லுக்குப் பெயர் டிங்கு. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது இறகை உப்பிக்கொண்டு கூண்டின் மூலையில் உட்கார்ந்திருந்தது. தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்துத் துணி போட்டு மூடினோம். காலையில் கூண்டின் தரையில் கிடந்தது. பெரம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு கிளினிக்குகளிலும் "நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்துக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே என் மகளின் கையில் இறந்துபோனது.

பரிசோதனையில் தெரிந்த காரணம், ஈரல் முழுக்கக் கொழுப்பு. கடைக்காரர் சொன்னபடி நான் தினமும் கிண்ணம் நிறையப் போட்ட சூரியகாந்தி விதைதான் அந்தக் கொழுப்பு. நோய் மாதக்கணக்கில் உள்ளே வளர்ந்திருக்கிறது, எங்களுக்குத் தெரிந்தது கடைசி ஒரு சாயங்காலம் மட்டும்.

காட்டில் சோர்ந்த பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். அதனால் கிளி இனம் முழுவதும் நோயை மறைத்துப் பழகியிருக்கிறது. உங்கள் கண்ணுக்கு நோய் தெரியும்போது அது ஏற்கெனவே முற்றிய நிலையாக இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

1. எந்தக் கிளி என்பதைச் சட்டம் பார்த்து முடிவு செய்யுங்கள்

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பெரிய பச்சைக்கிளி, செந்தலைக்கிளி என்று இந்தியக் காட்டுக்கிளிகள் எதுவானாலும் இதே நிலைதான். பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எங்க தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோம்" என்பது பதிலாகாது. 2024 தேர்தல் நேரத்தில் கடலூரில் கிளி ஜோதிடம் பார்த்தவர்களே கைதானார்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மாவட்ட வன அலுவலகத்தில் ஒப்படையுங்கள். மொட்டை மாடியில் நின்று பறக்கவிட்டுவிடாதீர்கள். கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, அரை மணி நேரத்தில் காக்கைகள் சூழ்ந்துவிடும். மரத்திலிருந்து விழுந்த குஞ்சு கிடைத்தாலும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் கிளிகளுக்கு வேறு விதி. சைட்டிஸ் (CITES, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனம் என்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய், அது திரும்பக் கிடைக்காது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், சன் கோனூர் எல்லாம் இதில் வரும். குஞ்சு பொரித்தாலும் பறவை இறந்தாலும் வேறு ஒருவருக்குக் கொடுத்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். அடையாள அட்டை, ரசீது, பறவையின் படம், கால் வளைய எண் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் திறங்கள்.

காக்டெய்ல், பட்ஜீஸ், முகம் மட்டும் சிவந்த பீச் ஃபேஸ் லவ் பேர்ட் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. நம் ஊரில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் பட்ஜீஸைத்தான் காட்டுவார்கள். உண்மையான லவ் பேர்டை "ஆப்பிரிக்கன்" என்பார்கள். அதில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள வகைகள் சைட்டிஸ் பட்டியலில் இருக்கின்றன. வாங்கும் முன் இனத்தின் சரியான பெயரைக் கேட்டு, பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை வளர்ப்பவர்களுக்குக் காக்டெய்லைத்தான் நான் சொல்வேன். மனிதரோடு ஒட்டிக்கொள்ளும், அபார்ட்மெண்டில் சமாளிக்கக்கூடிய சத்தம்தான் போடும். ஆனால் 15 முதல் 20 ஆண்டு வரை வாழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அவள் வேலைக்குப் போன பிறகும் நீங்கள்தான் தினை போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதோடு, இந்தப் பறவை உடம்பிலிருந்து வெள்ளை மாவு போன்ற தூசி நிறையக் கொட்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், தெரிந்தவர் வீட்டில் இந்தப் பறவையோடு ஓரிரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

2. பறவைக்கு முன்னால் டாக்டர்

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். கூண்டு வாங்கும் முன்பே, பறவை பார்க்கும் டாக்டர் ஒருவரைக் கண்டுபிடித்துவிடுங்கள். பக்கத்துக் கிளினிக்குகளுக்குப் போன் செய்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: கிளிகளைப் பார்ப்பீர்களா, எச்சத்தை அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வசதி உண்டா, ஞாயிற்றுக்கிழமை அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும். முதல் கேள்விக்குத் தயங்கினால் அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு, அங்கும் கேட்டுப் பாருங்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும். தனியார் டாக்டரிடம் எனக்கு ஒரு தடவைக்கு 700 ரூபாய், எச்சப் பரிசோதனைக்கு 300 ரூபாய் ஆனது. இரண்டு இடங்களின் எண்ணையும் வீட்டில் எல்லோருடைய போனிலும் போட்டு வையுங்கள்.

3. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கையில் வளர்த்த, தானாகச் சாப்பிடப் பழகிய, 8 முதல் 10 வாரக் குஞ்சாக வாங்குங்கள். இன்னும் சிறிஞ்சில் ஊட்ட வேண்டிய குஞ்சைக் கொஞ்சம் விலை குறைத்து, "நீங்க ஊட்டினாத்தான் உங்ககிட்ட ஒட்டும்" என்று தள்ளிவிடுவார்கள். நம்பாதீர்கள். ஊட்டும் மாவு கொஞ்சம் சூடு அதிகமானால் இரைப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காமல் உள்ளேயே புளித்துவிடும். பழகாத கையில் குஞ்சு தங்குவது கஷ்டம்.

கடையில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். மூக்குத் துளை சுத்தமாக இருக்கிறதா, பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா, உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறதா என்று கவனியுங்கள். நெஞ்சில் விரலை வைத்தால் நடு எலும்பு கத்தி முனைபோல் தட்டுப்படக் கூடாது. பட்ஜீஸ் என்றால் அலகின் மேல் வெள்ளையாகச் சொரசொரப்பு படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது தோலைத் துளைக்கும் பூச்சி. டாக்டர் தரும் மருந்தில் சரியாகிவிடும், ஆனால் அதோடு வாங்க வேண்டியதில்லை.

தேதி, இனம், நிறம், வளைய எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 2024இல் எங்கள் இரண்டாவது பறவைக்கு (அதன் பெயர் கொண்டை) 3,500 ரூபாய், கூண்டுக்கு 2,800, எடை மெஷினுக்கு 450 கொடுத்தேன். மாதச் செலவு 800 ரூபாய்க்குள் முடிகிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்கென்று 5,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், நீங்களும் வையுங்கள்.

வீட்டில் வேறு பறவை இருந்தால், புதியதை வேறு அறையில் 30 நாளாவது தனியாக வைத்திருங்கள். பழையதற்குப் போட்டுவிட்டுப் பிறகு புதியதற்குப் போடுங்கள், இடையில் கை கழுவுங்கள்.

4. கூண்டும் வீடும்

கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது முக்கியம், இறக்கையை முழுதாக விரிக்க இடம் வேண்டும். கம்பிகளுக்கு இடையே அரை அங்குலம் போதும். மலிவான கூண்டில் துத்தநாகப் பூச்சு இருக்கும், அது உரிந்து வயிற்றுக்குள் போனால் விஷம். பவுடர் கோட்டிங் கூண்டாக வாங்குங்கள். கூடவே வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு, மருந்தடிக்காத கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள். தடிமன் ஒரே மாதிரி இல்லாமல் இருந்தால்தான் பாதம் புண்ணாகாது.

இடம் ஹாலில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். சமையலறை வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் தவா காலியாகச் சூடேறிப் புகைந்தால், நம் மூக்குக்கு வாசனை எட்டும் முன்பே பறவை செத்துவிடும். கதவை மூடினாலும் புகை நுழையும். நாங்கள் தவாவை இரும்புக்கு மாற்றிவிட்டோம். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே எதுவும் பறவை இருக்கும் அறையில் கூடாது. பூஜை அறையை விட முடியாது என்றால், கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நம் வீடுகளில் மிகப் பெரிய ஆபத்து தலைக்கு மேலேதான் இருக்கிறது: சீலிங் ஃபேன். கூண்டைத் திறக்கும் முன் ஃபேனை அணைத்து, அது முழுதாக நின்றபின்தான் கதவைத் திறக்க வேண்டும். நாங்கள் ஸ்விட்ச் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். ஜன்னல்களுக்குக் கொசுவலை, கழிவறைக்கு மூடி, நிலைக்கண்ணாடிக்குத் துணி, இதெல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

5. சாப்பாடு

கடைகளில் விற்கும் "பேர்ட் ஃபுட்" பெரும்பாலும் தினையும் சூரியகாந்தியும்தான். தினை இருக்கட்டும், சூரியகாந்தியைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பழக்கும்போது பரிசாக ஒரு நாளைக்கு நான்கைந்து விதை கொடுத்தால் போதும். வெறும் விதை மட்டும் தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறையும், மூக்கடைப்பும் வாய்ப்புண்ணும் வரும்.

எங்கள் வீட்டில் இப்போதைய கணக்கு இதுதான். காலையில் முருங்கைக்கீரை, துருவிய கேரட், வேகவைத்த பரங்கிக்காய், முளைகட்டிய பச்சைப்பயறு, இதில் ஏதாவது இரண்டு. இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுவோம், சென்னை வெயிலில் அதற்கு மேல் கெட்டுப்போகும். பகலில் பெல்லட், அதாவது பறவைகளுக்கென்றே குறுணையாகத் தயாரித்து விற்கும் தீனி. சாயங்காலம் ஒன்றரை டீஸ்பூன் தினை, சாமை, கம்பு கலவை. கிடைக்கும்போது கோவைப்பழம். கூண்டில் எப்போதும் ஒரு கடல் நுரைத் துண்டு (கணவாய் ஓடு), அது சுண்ணாம்புச் சத்துக்கு.

விதையிலிருந்து பெல்லட்டுக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். அதை உணவென்றே தெரியாமல் பட்டினி கிடக்கும். விதையோடு கலந்து, ஆறு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள்.

அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, மது ஆகியவை விஷம். ஆப்பிள் கொடுக்கலாம், விதையை எடுத்துவிட வேண்டும். பிஸ்கட்டும் மிக்ஸரும் பாசத்தில் கொடுப்பார்கள், அந்தச் சின்ன உடம்புக்கு அந்த உப்பே அதிகம். மிளகாய் தின்றால் கிளி பேசும் என்பார்கள். கிளிகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது, சத்தும் உண்டு, கொடுக்கலாம். பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாக்கைத் தேய்ப்பது, சுரண்டுவது எல்லாம் கொடுமை, யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

மழைக்காலத்தில் விதை டப்பாவை முகர்ந்து பாருங்கள். பூசண வாசனை கொஞ்சம் வந்தாலும் முழுதையும் கொட்டிவிடுங்கள். அந்தப் பூஞ்சை நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

6. தினமும் காலையில் எடை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சமையலறையில் பயன்படுத்தும், 1 கிராம் துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் எடை மெஷின் போதும். அதன் மேல் ஒரு சின்ன மரக்குச்சியை நிறுத்தி, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, பறவையை உட்கார வையுங்கள். ஒரு தினைக் கதிரைக் காட்டினால் நான்கு நாளில் தானாகவே ஏறிவிடும். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பிடும் முன்பு எடுக்க வேண்டும். காலண்டரிலேயே எழுதிவிடுங்கள்.

காக்டெய்ல் சாதாரணமாக 80 முதல் 110 கிராம் வரை இருக்கும், பட்ஜீஸ் 30 முதல் 40 கிராம். உங்கள் பறவையின் வழக்கமான எடை என்னவோ அதுதான் அளவுகோல். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது அவசரம், இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

கொண்டைக்கு வழக்கமான எடை 94 கிராம். போன வருடம் ஒரு வாரத்தில் 93, 92, 89, 86 என்று இறங்கியது. விசிலடித்தது, விளையாடியது, கிண்ணத்தைக் காலி செய்தது. பார்த்தவர்கள் யாரும் நோய் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். எச்சத்தை உற்றுப் பார்த்தபோது முழுத் தினை அப்படியே செரிக்காமல் கிடந்தது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு இரைப்பையில் பூஞ்சை என்றார். மூன்று வாரம் மருந்து கொடுத்தோம், மறுபடி 93க்கு வந்தது. டிங்குவுக்கு இந்த எடைக் கணக்கை எடுத்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் எனக்குப் போகவில்லை.

7. நோய் என்று தோன்றினால்

பகலில் இறகை உப்பிக்கொண்டு இரண்டு காலிலும் உட்கார்ந்து தூங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, வாந்தி, தலை முழுக்க ஈரமாக ஒட்டியிருப்பது, கூண்டின் தரையில் உட்காருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: பச்சையோ பழுப்போ ஆன புழுப் போன்ற மலம், வெள்ளைச் சுண்ணாம்பு, தெளிந்த நீர். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலில் கோளாறாக இருக்கலாம். தர்பூசணி தின்ற அன்று நீராகப் போனால் பயப்பட வேண்டாம். கூண்டுத் தட்டில் வெள்ளைத் தாள் விரியுங்கள், செய்தித்தாளில் நிறம் தெரியாது.

கிளம்பும் முன் கூண்டைச் சுத்தம் செய்யாதீர்கள், அன்றைய எச்சத்தைத் தாளோடு மடித்து எடுத்துப் போங்கள். எடைக் குறிப்பையும், மூச்சு வாங்குவதைக் காட்டும் ஒரு வீடியோவையும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பெட்டியில் துண்டு விரித்து, தண்ணீர்க் கிண்ணம் இல்லாமல், மேலே மெல்லிய துணி போட்டுக் கொண்டுபோங்கள். ஏசி வண்டி என்றால் ஏசியை அணைக்கச் சொல்லுங்கள்.

சோர்ந்த பறவைக்கு 30 டிகிரி அளவு கதகதப்பு உதவும். மழை நாளில் கூண்டுக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் 60 வாட் குண்டு பல்பை வையுங்கள், சூடு அதிகமானால் மறுபக்கம் நகர இடம் இருக்கட்டும். மே மாதத்தில் இது தேவையே இல்லை. அப்போது வாயைத் திறந்து இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால், அது வெப்பத்தால். நிழலுக்கு மாற்றி, காலிலும் இறகிலும் சாதாரணத் தண்ணீரைத் தெளித்துவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

கடையில் தரும் ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலக்காதீர்கள். எந்த நோய், எத்தனை கிராம் பறவை என்று பார்க்காமல் அளவு சொல்ல முடியாது. அதோடு, கசந்தால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும். நம் காய்ச்சல் மாத்திரை, சளி சிரப் எதுவும் கொடுக்கக் கூடாது.

உங்களுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் விடாமல் இருந்தால், உங்கள் டாக்டரிடம் வீட்டில் கிளி இருப்பதைச் சொல்லுங்கள். கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நுரையீரல் நோய் ஒன்று உண்டு. மருந்தில் குணமாகும், ஆனால் சொன்னால்தான் அந்த மருந்தைத் தருவார்கள்.

8. பெண் பறவையும் முட்டையும்

ஆண் இல்லாமலே பெண் காக்டெய்ல் முட்டையிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று வரும். முட்டையை உடனே எடுத்துவிட்டால் ஈடுகட்ட இன்னும் இடும், உடம்பிலுள்ள சுண்ணாம்பு கரையும். அப்படியே விடுங்கள், மூன்று வாரம் போல அடைகாத்துவிட்டுத் தானே விட்டுவிடும்.

முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்வது உயிருக்கே ஆபத்து. வயிறு வீங்கி, காலை அகட்டி நின்று, முக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தால் நேரே டாக்டரிடம் ஓடுங்கள். எண்ணெய் விடுவது, அமுக்கிப் பார்ப்பது வேண்டாம், முட்டை உள்ளே உடைந்தால் காப்பாற்றுவது கடினம். இந்த நிலை வராமலிருக்க, பானை, அட்டைப்பெட்டி, சோபா இடுக்கு போன்ற இருட்டு மூலைகளுக்குள் போகாமல் அடைத்துவிடுங்கள். முதுகைத் தடவாதீர்கள், தலையோடு நிறுத்துங்கள். இரவில் 12 மணி நேரம் இருட்டில் தூங்க விடுங்கள்.

9. கடி, கத்தல், இறகு பிடுங்கல்

கடிக்கும் முன் காக்டெய்ல் சொல்லிவிடும். தலையிலுள்ள கொண்டை இறகைப் பின்னால் படிய வைத்துச் சீறினால் "கிட்ட வராதே" என்று அர்த்தம். கையை நிதானமாக எடுத்துக்கொண்டால் போதும். கத்துவது, அலகில் தட்டுவது, முகத்தில் ஊதுவது எதுவும் உதவாது, கையைக் கண்டாலே பயப்படப் பழகிவிடும். கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து தினைக் கதிரை நீட்டுங்கள். தின்ன வந்தால் அடுத்த நாள் விரல் அளவு நெருங்குங்கள். கொண்டை என் விரலில் ஏற 19 நாள் ஆனது.

நீங்கள் வேறு அறைக்குப் போனதும் கத்தினால், "எங்கே இருக்கிறாய்" என்று கூட்டத்தைத் தேடும் குரல் அது. ஓடி வந்தால் கத்தினால் வருவார்கள் என்று கற்றுக்கொள்ளும். திட்டினாலும் அதுவும் ஒரு பதில்தான். அது விசிலடிக்கும்போது மட்டும் நீங்களும் விசிலடியுங்கள். முதல் வாரம் கத்தல் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறகைப் பிடுங்கினால் முதலில் டாக்டர். பூச்சி, தோல் தொற்று, உள்நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அலுப்பு, தூக்கக் குறைவு, தனிமை என்று தேட வேண்டும். தென்னை ஓலையும் காகிதமும் கட்டிக் கிழிக்க விடுங்கள், விதையைத் தாளில் சுற்றிக் கொடுங்கள். தலையில் மட்டும் இறகு இல்லாமலிருந்தால் அது தானாகப் பிடுங்கியது அல்ல, அலகு அங்கே எட்டாது.

இருட்டில் திடீரெனப் பயந்து கூண்டில் மோதிக்கொள்வது காக்டெய்லிடம் அதிகம் காணும் பழக்கம். அப்படிப் பயந்தால், மங்கலான சின்ன இரவு விளக்கு ஒன்று மட்டும் எரியட்டும். தீபாவளி வாரத்தில் ஜன்னல்களைச் சாத்தி, புகை வராத உள்ளறைக்குக் கூண்டை மாற்றுங்கள். வளரும் இறகு முறிந்து ரத்தம் கசிந்தால், சோள மாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

10. பறந்து போய்விட்டால்

இன்றே அதன் விசிலைப் போனில் பதிவு செய்து வையுங்கள், போன பிறகு செய்ய முடியாது. வெளியே போனால் முதல் அரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் எந்தத் திசை, எந்த மரம் என்று பாருங்கள். கூண்டைக் கதவு திறந்தபடி, தினைக் கதிரோடு, மொட்டை மாடியில் அதற்குத் தெரியும் இடத்தில் வைத்து அந்த விசிலை ஓடவிடுங்கள். பெரும்பாலும் மேலே ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. துரத்தினால் இன்னும் உயரே போகும். இருட்டிவிட்டால் அந்த மரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் விடியும் முன் 5 மணிக்கே கீழே போய் நில்லுங்கள். பசியோடு கூப்பிடும். காக்கைகள் எழும் முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

தெரு முனை டீக்கடை, இஸ்திரி போடுபவர், வாட்ச்மேன், அடுத்த அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழு என்று எல்லோரிடமும் படம் போகட்டும். வளைய எண்ணைப் படத்தில் போடாதீர்கள். யாராவது "என்னிடம் இருக்கிறது" என்று அழைத்தால், அந்த எண்ணைக் கேட்டுத்தான் அது உங்கள் பறவையா என்று உறுதி செய்ய முடியும்.